நைட்ரிக் ஆக்சைடும் நெற்பயிரின் காப்பு நொதிகளும்

பேரணையில் தொடங்கும், மதுரைப் பகுதியின் பெரியாறு பிரதானக் கால்வாய், கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதற்கப்பால் மேலூர்ப் பகுதியின் ஒருபோக நிலங்களை நோக்கிச் செல்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரத் தாமதமாகும் ஆண்டுகளில் உழவர்கள் கிணற்று நீரை இறைத்தே நாற்றங்காலைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்த நீர் உவர்ப்பாக இருந்துவிட்டால் நாற்றின் இலை நுனி வெளிறும், பிறகு கருகும், குருத்து விரியத் தயங்கும். வறட்சி, உப்பு, சித்திரை வெயில் என்று காரணங்கள் வேறுவேறாகத் தோன்றினாலும், இலையின் செல்லுக்குள் அவை விளைவிக்கும் சேதத்தின் பெரும்பகுதி ஒரே வழியில்தான் நடக்கிறது. ஆக்சிஜனிலிருந்து உருவாகும் தீவிர மூலக்கூறுகள் அளவுமீறிப் பெருகி, சவ்வுகளையும் புரதங்களையும் அரிக்கின்றன.

இந்தச் சேதத்தைத் தடுக்கும் நொதிகளை நைட்ரிக் ஆக்சைடு என்ற சிறிய வாயு மூலக்கூறு தூண்டிவிடுகிறது என்ற செய்தி கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாவர உடலியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தாவரவியலும் உயிர்வேதியியலும் படிக்கும் நம் மாணவர்கள் பலர் நெல், உளுந்து, தக்காளி நாற்றுகளில் இதைச் செய்து பார்க்கிறார்கள். சோதனையின் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். நாற்றுகளுக்கு உப்புக் கரைசல் ஊற்றப்படும். அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் சோடியம் நைட்ரோப்ருசைடு கொடுக்கப்படும். சில நாட்கள் கழித்து இலையை அரைத்து நொதிகளின் செயல்வேகம் அளக்கப்படும். வேகம் கூடியிருந்தால், நைட்ரிக் ஆக்சைடு பயிரைக் காத்தது என்று முடிவு எழுதப்படும். அந்த முடிவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நொதியின் வேகம் கூடியது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. நைட்ரிக் ஆக்சைடு ஒரே நொதியை ஓர் அளவில் முடுக்கும், இன்னோர் அளவில் முடக்கும்; செல்லின் ஓர் அறையில் சேதத்தைக் குறைக்கும், இன்னோர் அறையில் கூட்டும். எந்த நிலையில் எது நடக்கிறது என்பதற்கான வேதியியல் இன்று ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. அதை விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

நண்பகல் இலையில் நடப்பது

ஒளிச்சேர்க்கையின்போது பசுங்கணிகத்தில் எலக்ட்ரான்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. கரியமில வாயு போதுமான அளவு கிடைக்கும்போது அந்த எலக்ட்ரான்கள் சர்க்கரை உருவாக்கத்துக்குப் பயன்படுகின்றன. நண்பகல் வெயிலில், வேருக்குத் தண்ணீர் போதாமல் இலைத்துளைகள் மூடிக்கொண்டால் கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது. ஒளி மட்டும் குறைவதில்லை. அப்போது எலக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆக்சிஜன் மீது ஏறி, சூப்பராக்சைடு என்ற தீவிர அயனி உருவாகிறது. அதே நேரத்தில் நெல் போன்ற பயிர்களில் ஒளிச்சுவாசமும் கூடுகிறது. அதன் பக்கவிளைவாகப் பெராக்சிசோம் எனப்படும் செல்லின் சிற்றறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு பெருமளவில் உண்டாகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் தன் பங்குக்குச் சூப்பராக்சைடை விடுகிறது. உப்பு நீர் பாய்ந்தாலும் வேர் நீரை இழுக்கத் திணறுவதால் இதே நிலைதான் ஏற்படுகிறது. அதற்கு மேல் சோடியத்தின் நேரடி நச்சும் சேர்ந்துகொள்கிறது.

இவற்றை எதிர்கொள்ளும் நொதிகளில் முதலில் நிற்பது சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ். ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் இனங்கண்டு அறிவித்த இந்த நொதி, இரண்டு சூப்பராக்சைடு அயனிகளைச் சேர்த்து ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. தாமிரமும் துத்தநாகமும் கொண்டது, இரும்பு கொண்டது, மாங்கனீசு கொண்டது என அதற்கு மூன்று வகைகள் உண்டு; ஒவ்வொன்றும் செல்லின் வெவ்வேறு அறைகளில் வேலை செய்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த நொதி ஆபத்தை முழுவதும் அகற்றுவதில்லை என்பதுதான். ஓர் ஆபத்தான பொருளை எடுத்துக்கொண்டு, அதைவிடச் சற்றே சாதுவான, ஆனால் நெடுநேரம் நிலைக்கக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடை அது கொடுக்கிறது. அதை அடுத்து வரும் நொதிகள் அகற்றாவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகவும் கூடும்.

அடுத்து வருபவை முக்கியமாக இரண்டு. கேட்டலேஸ் பெராக்சிசோமில் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு நிறைய இருக்கும்போதுதான் அதன் முழுத் திறனும் வெளிப்படும். அப்போது ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைச் சிதைக்கும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் பசுங்கணிகத்திலும் சைட்டோபிளாசத்திலும் இருக்கிறது. மைக்ரோமோலார் அளவில் மிகக் குறைவாக இருக்கும் பெராக்சைடையும் அது பிடித்துவிடும், ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பேட் செலவாகிறது. செலவான அஸ்கார்பேட்டைப் புதுப்பிக்க மோனோடீஹைட்ரோஅஸ்கார்பேட் ரிடக்டேஸ், குளுட்டாதையோன் ரிடக்டேஸ் முதலியவை ஒரு சுழற்சியாக இயங்குகின்றன. இந்த நொதிகளுக்கிடையே நைட்ரிக் ஆக்சைடு வந்து கலக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

ஒற்றை எலக்ட்ரான் செய்யும் வேலை

நைட்ரிக் ஆக்சைடு ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. இணையற்ற ஓர் எலக்ட்ரான் அதில் இருக்கிறது. மின்னூட்டம் இல்லாததால் சவ்வுகளைத் தடையின்றிக் கடந்துவிடும். விலங்குகளின் இரத்தக் குழாயைத் தளர்த்தும் சமிக்ஞை இதுதான் என்ற கண்டுபிடிப்புக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாவரங்களில் நோய் எதிர்ப்பின்போது இதற்குப் பங்கு உண்டு என்பதைக் காட்டிய இரண்டு முக்கிய ஆய்வுகளும் அதே 1998-இல்தான் வெளிவந்தன. களைக்கொல்லி தெளித்த சோயா இலைகளிலிருந்து இந்த வாயு வெளியாவது 1979-லேயே பதிவாகியிருந்தாலும், அது ஒரு கழிவுப்பொருள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு, தன்னைப் போன்ற இன்னொன்றுடன் வெகு வேகமாகச் சேரும். சூப்பராக்சைடிலும் அத்தகைய எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. இவ்விரண்டும் சேரும் வேகத்தை ஹூயியும் பத்மஜாவும் 1993-இல் அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட வேக மாறிலி, மோலார் செறிவுக்கு வினாடிக்குச் சுமார் 670 கோடி. சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் நொதியின் அதே மாறிலி சுமார் 200 கோடி. அதாவது, இயற்கையில் அறியப்பட்ட மிக வேகமான நொதிகளுள் ஒன்றையே நைட்ரிக் ஆக்சைடு ஏறக்குறைய மூன்று மடங்கு முந்துகிறது. செல்லில் நொதியின் அளவு சாதாரணமாக நைட்ரிக் ஆக்சைடின் அளவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இயல்பு நிலையில் நொதியே வெல்கிறது. நைட்ரிக் ஆக்சைடு கூடும்போது நிலைமை மாறுகிறது. சூப்பராக்சைடின் கணிசமான பகுதி நொதியிடம் போகாமல் இதனிடம் வந்துவிடுகிறது.

அப்படிச் சேர்ந்தால் கிடைப்பது பெராக்சிநைட்ரைட். இது ஹைட்ரஜன் பெராக்சைடு அல்ல. புரதங்களில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது நைட்ரோ தொகுதியை ஏற்றிவிடக்கூடிய வலுவான ஆக்சிஜனேற்றி. எனவே நைட்ரிக் ஆக்சைடு சூப்பராக்சைடை அகற்றுகிறது என்பது உண்மை. அகற்றுவதால் செல் காப்பாற்றப்படுகிறது என்பது அப்படியே தொடர்வதில்லை. உறவு எதிர்த்திசையிலும் உண்டு. டிஸ்மியூடேஸ் நிறைய இருந்தால் சூப்பராக்சைடு குறைந்து, நைட்ரிக் ஆக்சைடு நெடுநேரம் பிழைத்திருக்கும். இரத்தக் குழாயைத் தளர்த்தும் பொருள் எதுவென்றே உறுதியாகாத 1986-இல், அதன் ஆயுளை இந்த நொதி நீட்டிக்கிறது என்பது கண்டறியப்பட்டது. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்ற முடிவுக்கு வழிகாட்டிய தடயங்களுள் அதுவும் ஒன்று. ஆக, நொதி வாயுவின் அளவைத் தீர்மானிக்கிறது. வாயு நொதியின் வேலையைப் பறிக்கிறது. ஒன்றை மட்டும் அளந்து மற்றதைப் பற்றி முடிவு சொல்வது இதனால்தான் கடினம்.

கேட்டலேஸ் விஷயம் இதைவிட நேரடியானது. அதன் மையத்தில் இரும்பைத் தாங்கிய ஹீம் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடுக்கு ஹீம் இரும்பின் மீது இயல்பான நாட்டம். வாயு இரும்பில் ஒட்டிக்கொண்டால் பெராக்சைடுக்கு இடமில்லை. வாயு விலகியதும் நொதி மீண்டும் வேலை தொடங்கும். விலங்குக் கேட்டலேஸில் இந்தத் தடை மைக்ரோமோலாரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த செறிவிலேயே தெரிகிறது என்று 1995-இல் காட்டப்பட்டது. புகையிலைக் கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் இதே போல மீளக்கூடிய விதத்தில் தடைபடுவது 2000-இல் பதிவானது. பின்னர் மிளகாய் இனப் பழங்களில், பழுக்கும் காலத்தில் கேட்டலேஸ் வேறொரு வழியிலும், அதாவது அதன் புரதத்திலேயே நைட்ரிக் ஆக்சைடு சார்ந்த மாற்றங்கள் நிகழ்ந்தும், வேகம் குறைவது தெரியவந்தது.

இந்தத் தடை பயிருக்குக் கேடுதானா? எப்போதும் அல்ல. பெராக்சைடும் ஒரு சமிக்ஞைதான். சிறிது நேரம் கேட்டலேஸ் ஓய்ந்தால் பெராக்சைடு சற்றே உயர்ந்து, காப்பு நொதிகளை உருவாக்கும் மரபணுக்களை விழிக்கச் செய்யும்; சில மணி நேரத்தில் நொதிகளின் மொத்த அளவே கூடிவிடும். அதனால் நைட்ரிக் ஆக்சைடு கொடுத்த முதல் சில நிமிடங்களில் அளந்தால் கேட்டலேஸ் குறைந்ததாகவும், மறுநாள் அளந்தால் கூடியதாகவும் தெரிவதில் முரண்பாடு இல்லை. எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதைச் சொல்லாத ஆய்வு முடிவு பாதிச் செய்திதான்.

ஒரே நொதியில் இரண்டு பூட்டுகள்

அஸ்கார்பேட் பெராக்சிடேஸைப் பற்றிய ஆய்வுகள்தான் இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்தவை. இந்த வாயுவின் இரட்டைத் தன்மையை ஒரே புரதத்தில், எண்ணிட்ட இடங்களில், அவை காட்டுகின்றன. பட்டாணியின் சைட்டோபிளாச நொதியை எடுத்து ஆராய்ந்தபோது, 32-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவில் நைட்ரிக் ஆக்சைடு ஏறினால் நொதியின் வேகம் கூடியது. 235-ஆவது இடத்தில் உள்ள டைரோசினில் பெராக்சிநைட்ரைட் வழியாக நைட்ரோ தொகுதி ஏறினால் வேகம் குறைந்தது. இந்த முடிவு 2014-இல் வெளியானது. அடுத்த ஆண்டு, ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அதே 32-ஆவது சிஸ்டீனை மாற்றியமைத்துப் பார்த்தார்கள். மாற்றப்பட்ட செடி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தாங்குவதில் பின்தங்கியது. ஆக, இந்த ஒற்றைக் கந்தக அணு முழுச் செடியின் நலனையும் பாதிக்கும் இடம் என்பது உறுதியாயிற்று.

சிஸ்டீனில் ஏறும் மாற்றம் மீளக்கூடியது. செல் தேவைப்படும்போது அதைக் கழற்றிவிடும். டைரோசினில் ஏறுவது பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு மட்டும் மிதமாகக் கூடி, சூப்பராக்சைடு அடங்கியிருந்தால் முதல் மாற்றத்துக்கே வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒன்றாகக் கூடினால் பெராக்சிநைட்ரைட் உருவாகி இரண்டாவது மாற்றம் மேலோங்கும். அழுத்தத்தின் தொடக்கத்தில் நொதி முடுக்கப்படுவதும், அழுத்தம் முற்றியபின் அதே நொதி முடங்குவதும் இவ்வாறு விளங்குகின்றன. இதற்கு எதிரான சான்றும் உண்டு. புகையிலைச் செல் வளர்ப்பில் 2013-இல் நடந்த ஆய்வொன்றில், செல் திட்டமிட்டு இறக்கும் நிலையில் இருந்தபோது, சிஸ்டீன் மாற்றமே இந்த நொதியின் வேகத்தைக் குறைத்து, புரதத்தைச் சிதைவுக்கு அனுப்பியது. செடி வேறு, செல்லின் நிலை வேறு என்பதால் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தில் விதியாக எழுதிவிடவும் கூடாது.

மற்ற நொதிகள் இந்த அளவுக்குச் சிக்கலானவை அல்ல. அரபிடாப்சிஸின் சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ்களைச் சோதித்த 2015 ஆய்வில், கந்தகத்தில் ஏறும் மாற்றம் எதையும் பாதிக்கவில்லை. பெராக்சிநைட்ரைட்தான் சிலவற்றை முடக்கியது. அவற்றுள் மைட்டோகாண்ட்ரியாவின் மாங்கனீசு வகையே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது. பட்டாணிப் பசுங்கணிகத்தின் குளுட்டாதையோன் ரிடக்டேஸ் இரண்டு மாற்றங்களுக்கும் அசையாமல் நிற்கிறது. அதன் அண்டையில் வேலை செய்யும் மோனோடீஹைட்ரோஅஸ்கார்பேட் ரிடக்டேஸ் இரண்டாலும் தடைபடுகிறது. ஒரு சுழற்சியின் ஒரு பல் நின்று, இன்னொரு பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓடும் பல்லை மட்டும் அளந்து சுழற்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நைட்ரிக் ஆக்சைடு செல்லில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. அதன் தனி ஆயுள் சில வினாடிகளே. ஆனால் செல்லில் உள்ள குளுட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறுடன் சேர்ந்து நைட்ரோசோகுளுட்டாதையோனாக அது சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பைக் கரைக்க ஒரு தனி ரிடக்டேஸ் நொதி இருக்கிறது. வியப்பு என்னவென்றால், அரபிடாப்சிஸில் ஒரு கேட்டலேஸ் புரதமே நைட்ரிக் ஆக்சைடை ஏந்திச் சென்று இந்த ரிடக்டேஸ் மீது ஏற்றி, அதைச் சிதைவுக்கு உள்ளாக்குவது 2020-இல் தெரியவந்தது. இன்னொரு பக்கம், சூப்பராக்சைடை வேண்டுமென்றே உண்டாக்கும் சவ்வு நொதியான என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸின் 890-ஆவது சிஸ்டீனில் நைட்ரிக் ஆக்சைடு ஏறி, அதன் வேகத்தைக் குறைப்பது 2011-இல் காட்டப்பட்டது. காப்பு நொதிகளைக் கூட்டாமலேயே, உற்பத்தியைக் குறைத்தும் இந்த வாயு செல்லைக் காக்கலாம் என்பது இதன் பொருள். அப்படிப்பட்ட செடியில் காப்பு நொதிகளின் வேகம் உயர வேண்டிய அவசியமே இல்லை; உயரவில்லை என்பதால் பயன் இல்லை என்றும் ஆகாது.

நெல் சொல்லும் இரு கதைகள்

நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான சான்றுகள் நெல்லிலிருந்தே கிடைக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட சோதனையில், நெல் நாற்றுகளுக்கு மிகக் குறைந்த அளவில், அதாவது 10 மைக்ரோமோலாருக்கும் கீழே, ஹைட்ரஜன் பெராக்சைடோ நைட்ரிக் ஆக்சைடு தரும் பொருளோ முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. பின்னர் உப்பும் வெப்பமும் தாக்கியபோது அந்த நாற்றுகளின் இலைகள் அதிகம் பச்சையாக நின்றன. காப்பு நொதிகளின் வேகமும் உயர்ந்திருந்தது. கவனிக்க வேண்டியவை இரண்டு. அளவு மிகச் சிறியது. கொடுத்தது அழுத்தத்துக்கு முன்னால். நாற்று தாக்குதலுக்குத் தயாராகும் அவகாசத்தில் நொதிகள் கூடின.

இரண்டாவது, நொதியில் கோளாறு உள்ள ஒரு நெல் வகையின் கதை. 2012-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்த ஆய்வில், இலைகள் கடும் ஒளியில் தாமாகவே காய்ந்து இறந்த ஒரு திரிந்த நெல்லில் பழுதாகியிருந்தது ஒரு கேட்டலேஸ் மரபணு. கேட்டலேஸ் இல்லாமல் பெராக்சைடு பெருகியது. பெராக்சைடு நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதியைத் தூண்டியது. அதன் வழியே நைட்ரிக் ஆக்சைடு கூடியது. கூடிய வாயுதான் செல்களின் இறப்பை முன்னெடுத்துச் சென்றது. அந்த வாயுவை அகற்றியபோது இறப்பு குறைந்தது. முதல் கதையில் காப்பாளன், இரண்டாம் கதையில் கொலையாளி. மூலக்கூறு ஒன்றே, பயிரும் ஒன்றே. பெராக்சைடை அகற்றும் திறன் அப்படியே இருந்ததா, பழுதாகியிருந்ததா என்பதே வேறுபாடு.

குலைநோய் நெல்லைத் தாக்கும் ஊர்களில் இன்னொரு பக்கமும் நினைவில் வைக்கத்தக்கது. பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே இறந்து நோயை அங்கேயே நிறுத்திவிடுவது தாவரங்களின் பழைய தற்காப்பு முறை. சோயா செல்களில் 2001-இல் நடந்த ஆய்வு, இந்த இறப்புக்கு நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தகுந்த விகிதத்தில் சேர வேண்டும் என்று காட்டியது. சூப்பராக்சைடு அதிகமானால் அது வாயுவை விழுங்கிவிடும், இறப்பு நிகழாது. டிஸ்மியூடேஸ் சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும்போதுதான் விகிதம் சரியாகிறது. ஆகவே, அங்கே டிஸ்மியூடேஸ் கூடுவது செல்லின் உயிரைக் காப்பதற்கு அல்ல; அதை முறையாக முடித்துவைப்பதற்கே உதவுகிறது. செடிக்கு அது நன்மைதான். ஆனால் நொதி கூடினால் செல் பிழைக்கும் என்ற எளிய வாசிப்பு இங்கே முற்றிலும் தவறாகிவிடும்.

புட்டியில் உள்ளது நைட்ரிக் ஆக்சைடு மட்டும் அல்ல

சோடியம் நைட்ரோப்ருசைடு மருத்துவமனைகளில் மிகை இரத்த அழுத்த நெருக்கடியின்போது பயன்படும் மருந்து. ஒளி பட்டால் சிதையும் என்பதால் அதன் கரைசலை மூடிப் பாதுகாக்கிறார்கள். இரும்பு அணு ஒன்றைச் சுற்றி ஐந்து சயனைடு தொகுதிகளும் ஒரு நைட்ரிக் ஆக்சைடும் அமைந்தது அதன் மூலக்கூறு. ஒளியில் அது வாயுவை விடும்போது சயனைடும் வெளியேறுகிறது. சயனைடு கேட்டலேஸையும் பெராக்சிடேஸ்களையும் தாமிர-துத்தநாக டிஸ்மியூடேஸையும் தடுப்பது பாடநூல் செய்தி. மைட்டோகாண்ட்ரிய சுவாசத்தையும் அது தடுக்கும். விதை உறக்கத்தை நைட்ரிக் ஆக்சைடு நீக்குவதைப் போலவே சயனைடும் நீக்கக்கூடியது. அப்படியிருக்க, நைட்ரோப்ருசைடு ஊற்றிய நாற்றில் நொதி மாறியதற்கு எது காரணம்?

இதற்கு விடை தேடும் வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. வாயுவை முழுவதும் வெளியேற்றிவிட்ட பழைய நைட்ரோப்ருசைடு கரைசலை ஒரு தொகுதி நாற்றுகளுக்கும், வாயுவே தராத ஃபெரோசயனைடை இன்னொரு தொகுதிக்கும் கொடுக்க வேண்டும். நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து அகற்றும் சேர்மத்தைக் கொடுத்து விளைவு மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் பரவலாகப் பயன்படும் அந்தச் சேர்மம் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுவதால், அதன் முடிவையும் தனியாக நம்பிவிட முடியாது. வேதியியலில் வேறான இன்னொரு வாயுத்தருபொருள், எடுத்துக்காட்டாக நைட்ரோசோகுளுட்டாதையோன், அதே விளைவைத் தந்தால் நம்பிக்கை கூடும். இந்த ஒப்பீடுகள் இல்லாத கட்டுரைகளை நான் நைட்ரோப்ருசைடைப் பற்றிய கட்டுரைகளாகத்தான் படிக்கிறேன்.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. டிஸ்மியூடேஸை அளக்க நம் ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் முறை, ஒளியில் ரிபோஃபிளேவின் உண்டாக்கும் சூப்பராக்சைடு நீலநிறம் தருவதை நொதி எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. 1971-இல் இருந்து வழக்கில் உள்ளது. இலைச் சாற்றில் எஞ்சிய நைட்ரோப்ருசைடு இருந்தால், அதே ஒளியில் அது நைட்ரிக் ஆக்சைடை விடும், அந்த வாயு சூப்பராக்சைடை விழுங்கும், நீலம் குறையும், நொதி கூடியதாக எண் காட்டும். சாற்றைச் சிறு மூலக்கூறுகள் நீங்கும்படி வடிகட்டிவிட்டு அளந்தால் இந்த ஐயம் தீரும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸுக்கு வேறு பிரச்சினை. அரைக்கும் கரைசலில் அஸ்கார்பேட் சேர்க்காவிட்டால், குறிப்பாகப் பசுங்கணிக வகை, ஒரு நிமிடத்துக்குள்ளாகவே செயலிழந்துவிடும். பிறகு அளப்பது சைட்டோபிளாச வகையை மட்டுமே. முழு இலையை அரைத்துவிடுவதால் எந்த அறையில் எது மாறியது என்ற செய்தியும் தொலைந்துபோகிறது என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை.

உப்பின் அளவையும் பார்க்க வேண்டும். சோதனைகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் 100 மில்லிமோலார் உப்பு என்பது லிட்டருக்கு 5.8 கிராம், அதன் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு ஏறக்குறைய 10 டெசிசீமன்ஸ். நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும் மண் உவர்ப்பின் எல்லை அதே அலகில் சுமார் 3. வயலில் உப்பு வாரக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. சோதனையில் ஒரே நாளில் மும்மடங்குக்கும் மேலாக விழுகிறது. திடீர் அதிர்ச்சியில் காப்பு நொதிகள் மாறும் விதமும், மெல்ல ஏறும் உப்புக்குச் செடி பழகும் விதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வயலுக்கே உரிய இன்னொரு வேறுபாடும் உண்டு. விலங்குகளில் உள்ளதைப் போல ஆர்ஜினினிலிருந்து இந்த வாயுவை உருவாக்கும் நொதி நிலத்தாவரங்களில் இல்லை. செடியின் முக்கிய வழி நைட்ரேட் ரிடக்டேஸ். நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் அந்த நொதி, தன் திறனில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாகவும் மாற்றுகிறது. கண்மாய்ப் பாசனத்தில் நீர் தேங்கிய நெல் வயலில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியமாகவே இருக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும்போது மண்ணுக்குள் காற்று புகுந்து நைட்ரேட் கூடும். ஆக்சிஜன் குறைந்த வேரில் மைட்டோகாண்ட்ரியாவும் நைட்ரைட்டை இந்த வாயுவாக மாற்றும். தாவர ஹீமோகுளோபின்கள் அதைப் பிடித்து மீண்டும் நைட்ரேட்டாக்கும். எனவே யூரியா இட்ட முறையும் நீர் நிறுத்திய நாட்களும் மாறினால், வெளியிலிருந்து எதையும் தெளிக்காமலேயே, நாற்றின் உள்ளிருக்கும் வாயுவின் அளவு மாறக்கூடும். 1965 முதல் யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி இயங்கிவரும் வட்டாரம் இது. ஆய்வகத் தொட்டியில் கண்டதை நீர் மேலாண்மையோடு சேர்த்து வயலில் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அப்படிப் பார்க்கும்போது நொதி வேகத்தோடு, சவ்வுச் சேதத்தைக் காட்டும் மலோண்டையால்டிஹைடு, இலையில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம், இறுதியில் கதிரின் மணி எடை ஆகியவையும் அளக்கப்பட வேண்டும். சேதம் குறைந்து நொதி உயர்ந்திருந்தால் அது காப்பு. சேதமும் நொதியும் சேர்ந்து உயர்ந்திருந்தால், செடி இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

ஒரு லிட்டரில் 30 மில்லிகிராம் நைட்ரோப்ருசைடு கரைத்தால் ஆய்வுகளில் அடிக்கடி காணும் 100 மைக்ரோமோலார் செறிவு கிடைத்துவிடும். இவ்வளவு சிறிய அளவு என்பதால் வயலிலும் தெளித்துப் பார்க்கலாமே என்று உழவர் யாரேனும் கேட்டால், கூடாது என்பதே தெளிவான பதில். அது வேளாண் இடுபொருள் அல்ல. வெயிலில் சயனைடு விடும் மருந்து. உவர் நீரைத்தான் நம்பியிருக்கும் நாற்றங்காலுக்கு, நல்ல நீர் கிடைக்கும் நாளில் உப்பை அலசி வடித்துவிடுவதும், களர் நிலமாக இருந்தால் மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இடுவதும், களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுப்பதும்தான் இன்று கைவசம் உள்ள வழிகள்.